நாலு அங்குல நிலைப்படியும் அப்பாவின் தார்சாவும்

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 74 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. ஒருவர் கூடவே நின்றால், வலது கையில் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடக்கிறார். மற்ற நேரம் சக்கர நாற்காலி. வீடு அப்பாவின் பெயரில் உள்ள பழைய வீடு: தெருவிலிருந்து மூன்று படி, அப்புறம் தார்சா (தெருவைப் பார்த்த முன்கூடம்), பட்டாசால் (நடுக்கூடம்), இரண்டாங்கட்டு (அதற்கும் பின்னால் உள்ள பகுதி), புறவாசல். கழிப்பறை புறவாசலில், இரண்டு படி இறங்க வேண்டும், குத்துக்கால் வைத்து உட்காரும் பீங்கான். தார்சாவுக்கும் பட்டாசாலுக்கும் நடுவில் நாலு அங்குல உயரத்தில் தேக்கு நிலைப்படி. பட்டாசாலை ஒட்டிய அறையில் அப்பா நாள் முழுக்கப் படுத்திருக்கிறார்.

வீட்டை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, ஆனால் ஒருமித்த கருத்து இல்லை. ஒப்பந்தக்காரர், வாசலில் ஏழு அடிக்குச் சாய்தளம், அறைக்குள் புதுக் குளியலறை, தரை முழுக்கப் புது டைல்ஸ் என்று ஆறரை லட்சம் கேட்கிறார். பட்டாசால் கதவு குறுகல், அப்பா இடித்துக்கொள்கிறார், அதனால் நிலையையே பெயர்த்துவிடலாம் என்பதும் அவர் யோசனை. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிய நிலைப்படியில் கைவைக்கக் கூடாது என்று அம்மா அழுகிறார். பெங்களூரில் இருக்கும் அண்ணன், 'விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? டயப்பர் போட்டு அறையிலேயே வைத்துக்கொள்வோம், ஆள் வைக்கப் பணம் அனுப்புகிறேன்' என்கிறார். அப்பாவோ, 'எனக்காக ஒண்ணும் செலவு பண்ணாதீங்க' என்பதோடு சரி. சாய்தளம் கட்ட அரசு உதவி உண்டா, ஊனமுற்றவர் வீடு என்றால் தெருவில் கட்டிக்கொள்ள உரிமை உண்டா, ஆறரை லட்சத்துக்குக் கடன் வாங்கலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சையாளரின்) பதில்:

அன்புள்ள சகோதரி,

கதவின் அகலம், படியின் உயரம், முடுக்கின் (பக்கத்துச் சந்தின்) நீளம் வரை அளந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் பொதுப்படையாக இல்லாமல் உங்கள் வீட்டைப் பற்றியே பேச முடிகிறது. கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'முன்பெல்லாம் காலையும் மாலையும் தார்சாவில்தான் உட்கார்ந்திருப்பார், தெருவில் போகிற எல்லோரிடமும் பேசுவார்.' நான் இந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

தார்சாவும் பட்டாசாலும் ஒரே மட்டத்தில் இருப்பதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் அப்பா தெருவைப் பார்த்து உட்கார மூன்று படியும் இறங்க வேண்டியதில்லை, சாய்தளமும் வேண்டியதில்லை. நடுவில் இருப்பது நாலு அங்குல நிலைப்படி ஒன்றுதான். வீட்டில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் சாய்தளத்தையும் குளியலறையையும் பற்றி இருக்கிறது. அவரை மனிதர்களிடமிருந்து பிரித்து வைத்திருப்பது இந்த நிலைப்படி. இதைச் சரிசெய்ய ஆறரை லட்சம் ஆகாது, கடனும் வேண்டாம்.

இன்னொன்று. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெதுவாகத் தொடரும். பத்தாவது வாரத்தில் இருக்கும் நிலையை வைத்து நிரந்தரமாகக் கட்டிவிட்டால், ஆறாவது மாதத்தில் அது அவருக்குப் பொருந்தாமல் போகலாம். இன்று சக்கர நாற்காலிக்கு வேண்டியது வேறு, நாளை ஊன்றுகோலோடு நடப்பவருக்கு வேண்டியது வேறு. ஆகவே இப்போதைக்குக் கழற்றி மாட்டக்கூடியவற்றைச் செய்யுங்கள். சிமெண்டு வேலை பிறகு.

நிலைப்படியை வெட்ட வேண்டாம்

அம்மா சொல்வதற்கு மனசு சார்ந்த காரணம் மட்டுமல்ல, கட்டடக் காரணமும் உண்டு. பழைய தேக்கு நிலைகளில் அடிக்கட்டையும் சேர்ந்துதான் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு நல்ல ஆசாரியைக் கேட்காமல் அதை அறுக்கக் கூடாது.

சக்கர நாற்காலி போக, நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் கனமான பிளைவுட்டில் ஆப்பு மாதிரி சரிவுப் பலகை செய்யச் சொல்லுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பதுதான் சாய்தளத்துக்கான இந்திய வழிகாட்டு விதிகளின் பொதுக் கணக்கு. அதன்படி நாலு அங்குலத்துக்கு நாலு அடி. தார்சா ஏழு அடிதான் என்பதால், நாலு அடிப் பலகை போட்டால் நாற்காலியைத் திருப்ப இடம் இருக்காது. பின்னால் எப்போதும் ஒருவர் தள்ளுவார் என்பது உறுதியானால், இவ்வளவு சின்ன உயரத்துக்குக் கொஞ்சம் செங்குத்தாக, இரண்டே முக்கால் அடியில் முடித்துக்கொள்ளலாம். அவர் தனியாக ஓட்டக் கூடாது. பலகையின் மேல் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். அடியில் நகராமல் இருக்கப் பிடிப்பு வேண்டும். வெள்ளிக்கிழமை பலகையை எடுத்துவிட்டு அம்மா நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கொள்ளட்டும்.

அவர் நடந்து கடக்கும்போது சரிவுப் பலகை உதவாது, சில சமயம் தடையாகவும் ஆகும். அப்போது கைப்பிடிதான் வேண்டும். இங்கே நிறைய வீடுகளில் விட்டுப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு வலது கைதான் வேலை செய்கிறது. தார்சாவுக்குப் போகும்போது வலது பக்கம் இருக்கும் கைப்பிடி, திரும்பி வரும்போது இடது பக்கம், அதாவது பிடிக்க முடியாத கைப்பக்கம் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அவர் போய்விடுவார், திரும்பி வர முடியாது. வாசலின் இரண்டு பக்கமும் செங்குத்தான கைப்பிடி வையுங்கள். வீட்டில் வேறு எங்கே கைப்பிடி வைத்தாலும் இதே கணக்குதான்.

பழைய சுவரில் சுண்ணாம்புக் காரை உதிரும். காரையில் மட்டும் இறங்கிய திருகு ஓர் ஆள் எடையைத் தாங்காது. செங்கலுக்குள் ஆழமாக இறங்கும் நங்கூர போல்ட்டு வேண்டும், முடிந்தால் சுவரின் மறுபக்கம் தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் வீட்டிலேயே கனமான ஆள் தொங்கிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பிடிக்கவிடுங்கள். துண்டு போடும் கம்பியும், கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி உறிஞ்சிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கைப்பிடியும் இதற்கு உதவாது.

நடக்கும்போது இடது பாதத்தின் முன்பகுதி தொங்கி நிலைப்படியில் இடறுகிறதா என்று பாருங்கள். இடறினால், கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துச் சொல்வார். அவர் பார்க்கும்வரை நிலைப்படியை நடந்து தாண்டவே வேண்டாம், நாற்காலியில் அழைத்துப் போங்கள்.

இடது பக்கம் இடிப்பதைப் பற்றி

கதவு 32 அங்குலம் திறக்கிறது என்கிறீர்கள். புதிதாகக் கட்டுவதானால் 36 அங்குலம் விடச் சொல்வேன். ஆனால் சாதாரண சக்கர நாற்காலி 25 அங்குல அளவில் இருக்கும், 32 அங்குலத்தில் போய்வர முடியும். அப்படியிருந்தும் எப்போதும் இடது பக்கமே இடிக்கிறது, நடக்கும்போதும் இடது தோள்தான் உரசுகிறது, தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கிறது, பசியில்லை போலும் என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு வேறு சந்தேகம் வருகிறது.

மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இடது பக்கத்தில் இருப்பது கவனத்துக்கே வராமல் போகும். பார்வை நன்றாக இருந்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அது கவனக்குறைவோ பிடிவாதமோ இல்லை. கடிதத்தை வைத்து நான் உறுதிசெய்ய முடியாது, அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் தட்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். இதுதான் காரணம் என்றால் நிலையைப் பெயர்த்து 40 அங்குலம் ஆக்கினாலும் அவர் இடது பக்கம்தான் இடிப்பார்.

அதுவரை செலவில்லாத சில வேலைகள்: கதவின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பளிச்சென்ற மஞ்சள் டேப் ஒட்டுங்கள். திரும்பி வரும் திசைக்கு இன்னொன்று. சாப்பிடும்போது தட்டைப் பாதியில் திருப்பி வையுங்கள். தண்ணீர், மணி, போன் எல்லாம் இப்போதைக்கு வலது பக்கமே இருக்கட்டும். ஆனால் பேசுகிறவர்கள் கொஞ்சம் இடது பக்கமாக உட்கார்ந்து பேசினால், அந்தப் பக்கம் திரும்பும் பழக்கம் மெல்ல வரும்.

பட்டாசாலில் அவருக்கு ஓர் இடம்

நடமாட்டம் குறைந்தவருக்கு வீட்டை மாற்றுவது என்றால் கழிப்பறையோடு யோசனை நின்றுவிடுகிறது. மனிதர் உட்கார்ந்து பேப்பர் படிக்கவும், வந்தவரோடு பேசவும், அம்மா காய் நறுக்குவதைப் பார்க்கவும் இடம் வேண்டுமே. பகலில் அவர் கட்டிலில் இருக்கக் கூடாது. படுக்கையிலேயே கிடந்தால் நல்ல காலின் தசையும் கரையும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும்.

அவருடைய பழைய சாய்வு நாற்காலியை இப்போதைக்கு ஒதுக்குங்கள். இறங்கி உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க முடியாது. மெத்தை சோபாவும் அப்படித்தான். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கையை மட்டும் ஊன்றி எழும்போது வழுக்கிக் கவிழும். அழுத்தமான மர நாற்காலி வேண்டும். இரண்டு பக்கமும் கை வேண்டும், உட்காரும் பலகை 18 அல்லது 19 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். வீட்டு நாற்காலி தாழ்வாக இருந்தால், காலுக்கு அடியில் குழி செதுக்கிய மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். வெறும் செங்கல்லை அடுக்காதீர்கள், நகர்ந்துவிடும். தார்சாவிலும் இதே மாதிரி ஒன்று போடுங்கள். ஊஞ்சலைச் சங்கிலியோடு தூக்கிக் கட்டி வையுங்கள், அவர் தடுமாறும் கணத்தில் ஆடுகிற ஒன்றைப் பிடிக்கப் பார்ப்பார்.

கட்டிலிலிருந்து அந்த நாற்காலி வரை மூன்றடி அகலத்துக்கு வழி திறந்திருக்கட்டும். நாற்காலிப் பக்கத்தில் சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி வேண்டும், டீப்பாயை எடுத்தால் வந்துவிடும். கால்மிதிச் சாக்கு, ஓரம் சுருண்ட விரிப்பு, தரையில் ஓடும் வயர் எதுவும் அந்த வழியில் வேண்டாம். ராத்திரிக்கு மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். ஊன்றுகோலின் அடி ரப்பரை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டைல்ஸ் வேண்டவே வேண்டாம். உங்கள் சிவப்பு சிமெண்டுத் தரை இடுக்கில்லாமல் ஒரே சீராக இருக்கிறது, சக்கரத்துக்கும் ஊன்றுகோலுக்கும் நல்ல தரை அது. பளபளப்பான டைல்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஆபத்து. சிவப்புத் தரையில் ஒரே குறை, படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியது: எழுப்பும்போது இடது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். தசை தளர்ந்த தோள் மூட்டு விலகிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். சிகிச்சையாளரிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள்.

கழிப்பறை

அப்பாவுக்கு முட்டுவது தெரிகிறது, கேட்கிறார் என்றால் டயப்பர் போடக் கூடாது. உணர்வு இருப்பவருக்குப் போட்டால், அடக்கும் பழக்கம் போய்விடும், தோல் புண்ணாகும், மானம் போனதாக அவர் நினைப்பார். ராத்திரிக்கு மட்டும் மூத்திரக் குடுவையைக் கட்டிலின் வலது பக்கம் வையுங்கள்.

பகலுக்கு, சக்கரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அறையிலேயே வாளியோடு பயன்படுத்தலாம், அதிலேயே உட்கார்ந்து குளிக்கவும் செய்யலாம். சக்கரப் பூட்டு நன்றாகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மூன்று மாதம் இப்படி ஓடட்டும்.

ஆறாவது மாதம் அவர் எவ்வளவு நடக்கிறார் என்று பார்த்துவிட்டுக் குளியலறையைக் கட்டுங்கள். அறைக்குள் கட்டுவதைவிட இரண்டாங்கட்டு ஓரத்தில், வீட்டுத் தரையின் மட்டத்திலேயே கட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது. கழிவுக்குழாய் பக்கத்திலேயே இருப்பதால் செலவும் குறையும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். கமோடின் மேல்விளிம்பு 18 அங்குலம், சொரசொரப்பான தரை, கைப்பிடி இரண்டு பக்கமும்.

சாய்தளமும் சட்டமும்

வாசல் மூன்று படியும் சேர்ந்து 21 அங்குலம். முன் சொன்ன கணக்கில் 21 அடிச் சாய்தளம் வேண்டும். ஏழு அடியில் கட்டினால் மூன்று மடங்கு செங்குத்து. ஏற்றும்போது அம்மாவால் தள்ள முடியாது, இறக்கும்போது பிடித்து நிறுத்த முடியாது. உங்கள் வாசலிலிருந்து சாக்கடை வரை ஐந்தடிதான் இருக்கிறது.

தெருவில் நீட்டிக் கட்ட உரிமை கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. அது சொந்த வீட்டுக்காகத் தெருவை எடுத்துக்கொள்ள அனுமதி இல்லை. சாக்கடை மேல் கட்டினால் பேரூராட்சி இடித்துவிடலாம், செலவழித்த பணம் போனதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. பக்கத்து முடுக்கிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு கதவு, ஒரே படி, ஆறு அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆறடிச் சாய்தளம் போதும். மேலே கதவுக்கு முன்னால் நாற்காலி நிற்க ஐந்தடிச் சமதளம், ஓரத்தில் சக்கரம் இறங்காமல் இருக்கச் சின்னத் தடுப்பு. நாலு அடி அகலம் கிடைத்தால் நல்லது. மருத்துவமனைக்கு அந்த வழியாகப் போய்வரலாம். முடுக்கு உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா, பொதுப்பாதையா என்று முதலில் பாருங்கள். பொதுவானது என்றால் அக்கம்பக்கத்தாரைக் கேட்காமல் கட்டாதீர்கள், தேவையானபோது போட்டு எடுக்கும் இரும்புச் சாய்தளம் வாங்கிக்கொள்ளலாம்.

முன்வாசல் படிகளை அப்படியே விட்டு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வையுங்கள். நன்றாக நடக்கத் தொடங்கியதும் சிகிச்சையாளர் துணையோடு பழகட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கணுக்கால் பலவீனமானவர்கள் பலருக்குச் சரிவில் இறங்குவதைவிடக் கம்பியைப் பிடித்துப் படி இறங்குவது எளிது.

அரசு உதவியைப் பொறுத்தவரை, பக்கவாதத்தில் ஊனத்தின் அளவைப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுவார்கள். 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். அப்பா உங்களைச் சார்ந்திருந்து, நீங்கள் பழைய வருமானவரி முறையில் இருந்தால், வரிக்குரிய வருமானத்தில் ஆண்டுக்கு 75,000 ரூபாய் கழிவு கிடைக்கும். ஊனம் 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. வீட்டுக்கே வரும் பிசியோதெரபி 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறது. இதற்குச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே பெயர் கொடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981 முதல் மறுவாழ்வுப் பணியில் இருப்பவர்கள். அங்கேயும் ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அண்ணனும் அப்பாவும்

அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் பெரிதாகத் தெரியும், அந்தப் பயம் பொய்யும் இல்லை. அவர் ஆளுக்கு அனுப்புவதாகச் சொன்ன பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில், படுக்கையில் பார்த்துக்கொள்ள இல்லாமல், அப்பாவை எழுப்பி உட்காரவைத்துக் காலையும் மாலையும் தார்சாவுக்குக் கூட்டிப்போக அந்த ஆள் இருக்கட்டும். பெல்ட் பிடிப்பதையும் நாற்காலிப் பூட்டையும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

'எனக்காக ஒண்ணும் செலவு பண்ணாதீங்க' என்று அப்பா சொல்வதை அவருடைய முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம் கெடுவது, சாப்பாட்டில் நாட்டமின்மை, எதிலும் பிடிப்பில்லாத பேச்சு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு. 'சாகணும்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதையெல்லாம் அவரிடம் கேட்டே செய்யுங்கள். வீடு அவருடையது. ஒப்பந்தக்காரர் வந்து அளந்தபோது அப்பா அறைக்குள் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை ஆசாரி வரும்போது அவரைப் பட்டாசாலில் உட்காரவையுங்கள். தார்சாவில் நாற்காலி எந்த மூலையில் வேண்டும், கைப்பிடி எந்த உயரத்தில் பிடிக்க வசதி என்று அவரே சொல்லட்டும். ஆசாரி துளை போடும் முன் அவர் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.